முதுமைத் தளர்ச்சியும் தனிமையும்: புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து ஒரு வரலாற்றுப் பார்வை

முதுமைத் தளர்ச்சி என்பது வயதானவரின் உடலில் இருப்புச் சக்தி குறைந்து, ஒரு சிறு காய்ச்சலோ சறுக்கலோ கூட அவரைப் படுக்கையில் தள்ளிவிடும் நிலையாகும். வயது கூடிய எல்லோருக்கும் இது வந்தே தீரும் என்பதில்லை. நடமாட்டம் குறைவதும் ஆள்பழக்கம் குறைவதும் இதை விரைவுபடுத்துகின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆவூர் போன்ற சிற்றூர்களில் இதன் வரலாற்றை மருத்துவமனைப் பதிவேடுகளில் மட்டும் தேடினால் கிடைக்காது. மிதிவண்டி, ஓய்வூதியம், கூலி வேலை ஆகியவற்றிலும் தேட வேண்டும்.

மருத்துவத்தில் முதியோர்

1935இல் இலண்டனில் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவர், ஏழையர் விடுதி ஒன்றின் நோயாளிகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 700க்கும் மேற்பட்ட படுக்கைகள். தீராத நோயாளிகள் என்று ஒதுக்கப்பட்டுப் பல ஆண்டுகளாகப் படுத்தே கிடந்தவர்கள் அவர்கள். வாரன் அவர்களை எழுப்பி உட்கார வைத்தார், நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினர். முதியோர் மருத்துவம் என்னும் துறை இவ்வாறு நடைப்பயிற்சியிலிருந்தே தொடங்கியது எனலாம்.

தமிழ்நாட்டில் மருத்துவர் வி. எஸ். நடராஜன் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனப் புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு 1996இல் வந்தது.

தளர்ச்சியை அளக்கும் முறையை 2001இல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடு குழுவினர் வகுத்தனர். காரணமின்றி எடை குறைதல், ஓயாத களைப்பு, கைப்பிடி வலு குறைதல், நடை மெதுவாதல், உடலுழைப்பு குறைதல் ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றிரண்டு இருந்தால் அதற்கு முந்தைய நிலை. இந்தப் பட்டியலில் தனிமை இல்லை. ஆனால் ஊரில் நடப்பதைப் பார்த்தால் அது முன்வாசலிலேயே நிற்கும். பிள்ளைகள் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட, துணையையும் இழந்தவர் ஒருவருக்காக உலை வைப்பானேன் என்று பழைய கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறார். பருப்பும் முட்டையும் குறைகின்றன, தசை கரைகிறது, விழுந்துவிடுவோமோ என்ற பயம் வருகிறது. பயம் வந்தவர் தெருவுக்கு வருவதில்லை. தெருவுக்கு வராதவரைத் தேடி வருபவரும் குறைகிறார்கள்.

மிதிவண்டிக் காலம்

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் மிதிவண்டி கற்பதை எழுத்தறிவோடு சேர்த்தார். பெண்களுக்கான வண்டி போதாதபோது ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ள அது வசதியாகவும் இருந்தது. கல் உடைக்கும் தொழிலாளர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பல தரப்பினரும் கற்றனர். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமப் பெண்கள் மிதிவண்டிக்கு வந்ததாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பேருந்துக்கும் ஆண்துணைக்கும் காத்திராமல் சந்தைக்கும் தண்ணீருக்கும் போய்வர முடிந்ததே அவர்கள் கண்ட பெரிய மாற்றம்.

அன்று முப்பது வயதில் வண்டி ஏறியவர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். அந்த இயக்கத்தைப் பெண்விடுதலையாகப் பேசியவர்கள் பலர். அந்தக் கால்கள் முதுமையில் எப்படி இருக்கின்றன என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய கேள்விதான்.

ஓய்வூதியமும் நூறு நாள் வேலையும்

சென்னை மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. ஆதரவற்றவர்களுக்கே அது. 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. பசிக்காக வந்த இத்திட்டம் தனிமைக்கும் ஒரு சிறு மருந்தாக இருந்ததைப் பலர் கவனிக்கவில்லை. மணியார்டர் கொண்டுவரும் தபால்காரர் திண்ணையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, ஊர்ச் சேதி சொல்லி, கைநாட்டு வாங்கிப் போவார். பணம் வங்கி வழியாக வரத் தொடங்கியபின் அந்த ஒரு நிமிடம் போயிற்று. கணக்கில் ஒழுங்கு வந்தது உண்மை. ஆனாலும் இழப்பு இழப்புதான்.

2005இல் சட்டமாகி, 2008 ஏப்ரலில் நாடெங்கும் விரிவடைந்த ஊரக வேலை உறுதித் திட்டத்தில் மேல் வயது வரம்பு இருக்கவில்லை. கண்மாய் தூர்வாரவும் வரத்து வாய்க்கால் வெட்டவும் எழுபது வயதுப் பாட்டிகளும் வந்தனர். வேலை நடக்கவில்லை, வெட்டிப்பேச்சுதான் நடக்கிறது என்ற ஏளனம் அத்திட்டத்தின் மீது உண்டு. முதியவர் ஒருவர் காலையில் எழுந்து, தூக்குவாளியோடு நடந்து, குனிந்து நிமிர்ந்து, பத்துப் பேரோடு பேசித் திரும்பினால், மருத்துவர் எழுதித் தரக்கூடியதில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடுகிறது. அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும், தசை வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது. அந்த வெட்டிப்பேச்சையும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே நியாயம்.

வெயிலில் நிற்க முடியாதவர்களுக்கு இது பொருந்தாது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை மருத்துவரும் வருகிறார். கதவைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்து வாசல்வரை நடத்திப் பார்க்க ஓர் ஆள் மீண்டும் வரத் தொடங்கியிருக்கிறார்.