வேட்டியில் மூணு புள்ளி: நீரையும் நெருப்பையும் தாங்கும் பிசினின் கதை

படவேட்டில் எங்க தாத்தாவோட பழைய வேட்டி ஒண்ணு இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. துணி நைந்துபோச்சு. ஆனால் ஓரத்தில் சலவைக்காரர் சேங்கொட்டைச் சாறால் வைத்த மூணு புள்ளி மட்டும் கறுப்பு மாறவில்லை. எத்தனை வெள்ளாவி பார்த்த துணி அது!

காரணம் எளிது. அந்தச் சாற்றில் இருப்பவை பீனால் வகைப் பொருட்கள். காற்றும் சுண்ணாம்பும் பட்டதும் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, நூலுக்குள் வலையாக இறுகிவிடும். நூலும் பிசினும் சேர்ந்த கலப்புப்பொருள். சொல்லப்போனால் பிளாஸ்டிக்கேதான், பேர்தான் அப்போ இல்லை.

சரி, தண்ணீரை ஜெயித்தாச்சு. நெருப்பு?

ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கூட்டம் வரும்போது, கீற்றுப்பந்தலைப் பார்த்தாலே எனக்குப் பயம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக்கூரை பற்றி 94 குழந்தைகள் போனதை யார் மறக்க முடியும்? கீற்றையோ மரத்தையோ வெங்காரக் கரைசலில் ஊறவைத்தால் சீக்கிரம் பற்றாது. ஆனால் நாலு மழையில் வெங்காரம் கரைந்து போய்விடும். மழைக்கு எண்ணெயோ தாரோ பூசினால், அதுவே நெருப்புக்குத் தீனி. ஒன்றுக்குச் செய்த காவல் இன்னொன்றுக்கு உதவாது. இதுதான் உண்மையான சிக்கல்.

1907-இல் லியோ பேக்லண்ட் பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் இறுக வைத்து பேக்கலைட் செய்தார். மரத்தூளைக் கலந்து அச்சில் வார்த்தால் உருகாது, தண்ணீரில் ஊறிப்போகாது. ஆனால் அந்த பீனால் நிலக்கரித் தாரிலிருந்து வந்தது. 1920களில் அமெரிக்காவில் மார்ட்டிமர் ஹார்வி வேறொரு பீனாலை எடுத்து ஆராய்ந்தார்: முந்திரி ஓட்டெண்ணெய். போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த முந்திரியும், நம்ம சேங்கொட்டையும் ஒரே மாமரக் குடும்பம்தான். நம்ம கடற்கரைகளில் படகுக்கும் வலைக்கும் அந்த எண்ணெயைப் பூசும் வழக்கம் ஏற்கெனவே உண்டு.

ஓட்டெண்ணெயைச் சூடாக்கினால் கிடைப்பது கார்டனால். பீனாலோடு 15 கார்பன் அணுக்கள் கொண்ட வால் ஒட்டியிருக்கும். அந்த வால் எண்ணெய்த்தன்மை உள்ளது, அதனால் தண்ணீரை அண்டவிடாது. பிசினாக இறுகியபின் சூட்டையும் நன்றாகத் தாங்கும். அதனால்தான் வண்டிகளின் பிரேக் லைனிங்கில் அதன் தூள் சேர்கிறது. ஆனாலும் எண்ணெய் வால் எண்ணெய் வால்தானே, தீச்சுவாலை பட்டால் எரியும்.

திருவனந்தபுரம் வட்டார ஆய்வகத்தில் சி.கே.எஸ். பிள்ளையும் உடன் ஆய்வாளர்களும் இங்கேதான் கைவைத்தார்கள். கார்டனால் மூலக்கூறிலேயே பாஸ்பரஸைப் பிணைத்து, தீத்தடுப்புப் பிசின்கள் செய்து 1990-இல் வெளியிட்டார்கள். தீப்பட்டால் பாஸ்பரஸ் அமிலமாகி, பொருளின் மேல் கரி ஓடு கட்ட வைக்கும். அந்த ஓடு காற்றையும் சூட்டையும் உள்ளே விடாது. தனியாகக் கலந்த உப்பு இல்லை, மூலக்கூறின் அங்கம். அதனால் வெங்காரம் போல மழையில் கரைந்து ஓடுவதில்லை. இரண்டு காவலும் ஒரே இடத்தில்!

ஆனால் இந்தக் கதையில் இன்னொரு தரப்பும் உண்டு. "சேங்கொட்டையைத் தொடாதடா, உடம்பெல்லாம் புண்ணாயிடும்" என்பாள் ஆயா. நூலைப் பற்றிக்கொள்ளும் அதே குடும்பத்துச் சாறு தோலையும் பற்றிக்கொள்ளும். பண்ருட்டியிலும் கொல்லத்திலும் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்கள் கறுத்து வெந்திருப்பது இந்த எண்ணெயால்தான். விளக்கெண்ணெயும் சாம்பலும்தான் அவர்களுக்குக் கையுறை. தீயைத் தாங்கும் பிசின் செய்யத் தெரிந்த நமக்கு, அந்தக் கைகளுக்கு ஒரு நல்ல உறை கொடுப்பதா கஷ்டம்?

உங்க வீட்டுப் பழைய துணியிலும் சேங்கொட்டைக் குறி இருக்கா? இருந்தால் எழுதுங்க. புள்ளியா, கோடா, எந்த ஊர் என்றும் சொல்லுங்க.