கருமணலிலிருந்து கடைவாய் வரை

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை பின்வாங்கும்போது மணல் கருப்பும் சிவப்புமாகப் பட்டை பட்டையாய்த் தெரியும். கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். கூடவே மஞ்சள் கலந்த பழுப்பில் மோனசைட். தேங்காய் நார்க் கயிற்றோடு ஒட்டிக் கப்பலேறிப் போன மணலில்தான் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் 1909-இல் மோனசைட்டைக் கண்டார் என்பார்கள். காஸ் விளக்கின் வலைத்திரிக்கு அதிலுள்ள தோரியம் அன்று தேவைப்பட்டது. ஏறக்குறைய நிறமே இல்லாத ஒரு பொடிமணியும் இந்த மணலில் உண்டு. அது சிர்கான். பல் மருத்துவர்கள் இன்று மாட்டும் வெள்ளை 'சிர்கோனியா கேப்'பின் பிறப்பிடம் இந்தத் தாதுதான்.

1950-இல் தொடங்கிய இந்திய அருமணல் நிறுவனத்தின் ஆலை இங்கே இருக்கிறது. கழுவி உலர்த்திய மணலை உயர் மின்னழுத்த உருளைகளில் ஓடவிடுவார்கள். மின்சாரம் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைல் என்ற இன்னொரு தாதுவும் ஒரு பக்கம் ஒதுங்கும். மிச்சத்தைக் காந்தத்தில் விட்டால் கார்னெட்டும் மோனசைட்டும் பிடிபடும். மின்சாரத்துக்கும் மசியாமல், காந்தத்துக்கும் மயங்காமல் கடைசியில் தேறும் மிச்சத்தில்தான் சிர்கான். கதிரியக்கத்தையும் கடலரிப்பையும் சொல்லிக் கடலோர ஊர்கள் மணல் எடுப்பை எதிர்த்து வருவது தனிக்கதை.

உலகச் சந்தையில் சிர்கானின் பெரும்பங்கு டைல்ஸுக்கும் வார்ப்பட அச்சுக்கும் போய்விடுகிறது. சிறு பங்கே சிலிக்கா நீங்கித் தூய சிர்கோனியாவாகி, இட்ரியா என்ற ஆக்சைடு சேர்ந்து, வட்ட வில்லைகளாகப் பல் லேபுகளுக்கு வருகிறது. எந்த மணி எந்தக் கடற்கரையைச் சேர்ந்தது என்று வில்லையில் எழுதியிருக்காது. லேபில் அது சாக்கட்டி போல மெத்தென்று இருக்கும்போதே கேப்பைக் கடைந்துவிடுவார்கள், அதுவும் வேண்டிய அளவைவிடப் பெரிதாக. ஏறக்குறைய 1500 டிகிரி சூளையில் வெந்ததும் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கி, கல்லாய் இறுகி, சரியான அளவுக்கு வந்துவிடும்.

அந்தக் கேப்பைத் தாங்கி நிற்கப்போகும் டைட்டானியத்துக்கும் தாய்வீடு இத்தகைய கருமணல்தான். இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் எடுக்கலாம். 2011-இல் கேரளத்துச் சவறையில் தொடங்கிய ஆலை டைட்டானியம் பஞ்சைத் தயாரிப்பது முக்கியமாக ராக்கெட்டுக்கும் பாதுகாப்புத் துறைக்கும். இந்த உலோகம் எலும்போடு ஒன்றிப்போவதை 1952-இல் முயலின் காலில் வைத்து ஆராயும்போது கவனித்தவர் சுவீடன் நாட்டுப் பிரோனெமார்க். 1965-இல் முதல் நோயாளிக்குத் தாடையில் டைட்டானிய வேரான இம்ப்ளான்ட் வைத்தவரும் அவர்தான்.

தாடையில் இம்ப்ளான்ட், அதன்மேல் ஒரு தூண், தூணுக்கு மேல் கேப். தூணையும் கேப்பையும் சேர்ப்பது சிமெண்ட். துத்தநாக பாஸ்பேட் போன்ற சிமெண்டுகளின் படலம் 25 மைக்ரானுக்கு மேல் தடிக்கக் கூடாது என்பது தரக் கணக்கு. தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. அந்த இடுக்கு எவ்வளவு கசிகிறது என்று பார்க்க, ஒட்டிய கேப்பை 5 டிகிரித் தண்ணீரிலும் 55 டிகிரித் தண்ணீரிலும் ஆயிரக்கணக்கான முறை மாற்றி மாற்றி முக்குவார்கள். ஐஸ்கிரீமும் சுக்குக் காப்பியும் வாய்க்குள் படுத்தும் பாடு அது. பிறகு சாயத்தில் ஊறப்போட்டு, நடுவில் அறுத்து, சாயம் எதுவரை ஏறியிருக்கிறது என்று நுண்ணோக்கியில் அளப்பார்கள். பொதுவாக ரெசின் சிமெண்டில் கசிவு குறைவு. நூறாண்டுக்கு மேல் புழங்கும் துத்தநாக பாஸ்பேட்டில் கூடுதல்.

அப்படியானால் ரெசினையே போட்டுவிடலாமே? வாய்க்குள் கணக்கு வேறு. சொந்தப் பல்லுக்குக் கேப் போட்டால் கசிவு வழியே சொத்தை நுழையும். இம்ப்ளான்டுக்குச் சொத்தை கிடையாது. ஆனால் அதற்கு வேறோர் ஆபத்து உண்டு. சொந்தப் பல்லின் வேருக்குள் ஈறின் நார்கள் குறுக்கே ஊன்றி, வழியும் சிமெண்டைத் தடுக்கும். இம்ப்ளான்டைச் சுற்றி அந்த நார்கள் ஊன்றாமல் பக்கவாட்டிலேயே ஓடுவதால், கேப்பை அழுத்தும்போது பிதுங்கும் சிமெண்ட் ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்கே கிருமி குடியேறி, ஈறு வீங்கி, எலும்பு கரையும். 2009-இல் தாமஸ் வில்சன் என்ற அமெரிக்க மருத்துவர், இப்படிப் புண்பட்ட இம்ப்ளான்டுகளின் ஈறுக்குள் நுண்கேமரா விட்டுப் பார்த்தபோது 81 சதவீதத்தில் மிச்சச் சிமெண்ட் இருந்தது. சிலருக்கு 4 மாதத்திலும் சிலருக்கு 9 ஆண்டு கழித்தும் தொல்லை தலைகாட்டியிருந்தது. மிச்சத்தை எடுத்ததும் பெரும்பாலானவை ஆறின. துத்தநாகச் சிமெண்ட் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். சில ரெசின் சிமெண்டுகள் தெரியவே தெரியாது.

ஆகவே இம்ப்ளான்டில் இறுகப் பிடிக்கும் சிமெண்டே நல்ல சிமெண்ட் என்று சொல்லிவிட முடியாது. மிச்சம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், சுரண்டினால் வர வேண்டும். கைதேர்ந்தவர்கள் கேப்பின் உள்விளிம்பில் மட்டும் துளி தடவி, அதை முதலில் வாய்க்கு வெளியே ஒரு மாதிரித் தூணில் அழுத்தி உபரியை வழித்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். கேப்பின் விளிம்பை ஈறுக்குள் ஆழமாகப் புதைக்கவும் மாட்டார்கள். சிமெண்டே வேண்டாம் என்று ஸ்க்ரூ போட்டு முடுக்குகிறவர்களும் உண்டு.

மணல் கிடைக்கும் இதே மாவட்டத்தில், குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாகர்கோவிலில் கிளினிக்குகளுக்கும் குறைவில்லை. இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர் தனக்குப் போட்டது ஸ்க்ரூவா சிமெண்டா, எந்தச் சிமெண்ட் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பல் தேய்க்கும்போது அந்த இடத்தில் ரத்தம் கசிந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் போய்க் காட்ட வேண்டும். கேப் கழன்றால் மறுபடி ஒட்டிவிடலாம். கரைந்த எலும்பை மறுபடி வளர்ப்பது அவ்வளவு லேசில்லை.