மன்னார்க் கரையும் மண்டபம் முகாமும்

மன்னார்த் தீவின் மேற்கு முனையாகிய தலைமன்னாருக்கும் எதிர்க்கரையிலுள்ள தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலமே உடையது. அக்கடலைக் கடந்து போனவர்களுக்கும் வந்தவர்களுக்கும் ஒரு நூற்றாண்டாகத் தங்க இடம் கொடுத்து வருவது, இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலுள்ள அரசாங்க முகாம்.

கோப்பித் தோட்டக் காலத்தில் அங்ஙனம் ஓர் இடம் இருக்கவில்லை. தமிழகத்திலிருந்து கங்காணிமாருடன் புறப்பட்ட தொழிலாளர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, அநுராதபுரம் வழியாகக் காடு கடந்து மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. அந்நோய்கள் தோட்டங்களுக்குள் புகும் என்ற அச்சமே பின்னர் முகாம் தோன்றக் காரணமாயிற்று; நடந்து வந்தவர்கள் மீதுள்ள இரக்கம் அன்று.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பெற்று, புகைவண்டியும் கப்பலும் இரு கரைகளையும் இணைத்தன. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய மண்டபம் முகாமில் தொழிலாளர் சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பெற்றனர். அம்மை குத்துதலும் வைத்தியப் பரிசோதனையும் முடிந்த பின்னரே தலைமன்னாருக்கு அனுப்பப்பெற்றனர். சில நாட்கள் தங்குவோருக்கென எழுந்த இடமாதலால், ஒரு குடும்பம் அடுப்பு வைத்து வாழ்வதைப் பற்றிய சிந்தனை அதன் அமைப்பில் இல்லை.

1939இல் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்தியா தடை செய்தது. முகாமின் வேலை குன்றியது. ஆயினும் 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று; 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததால் கப்பல் இராமேசுவரத்துக்கு வரலாயிற்று. பாட்டன்மார் சோதிக்கப்பெற்றுப் போன அதே முகாமுக்குப் பேரப்பிள்ளைகள் தாயகம் திரும்பியோர் என்ற பெயருடன் வந்து சேர்ந்தனர். அவர்களிற் பலருக்கு அது கண்டறியாத தாயகம்.

1983க்குப் பின் யுத்தம் மூண்டபோது மன்னார்க் கரையிலிருந்து படகுகள் புறப்பட்டன. 1990இல் மன்னார் மக்கள் பலர் மடுத் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தனர். வேறு பலர் கடல் கடந்தனர். அவர்களுக்கு மண்டபத்தில் கூரை ஆயத்தமாக இருந்தது. அஃது இல்லையேல் மணற்றிட்டே கதியாகியிருக்கும். இதனை மறுப்பது நேர்மையன்று. ஆனால் சில நாட்களுக்கான இடம் பல ஆண்டுகளுக்கு வீடாயிற்று. பிள்ளைகள் அங்கேயே பிறந்து, பள்ளி சென்று, மணம் முடித்தனர். கூரை கொடுப்பது ஒன்று, குடியிருப்புக் கொடுப்பது மற்றொன்று என்பதை அரசாங்கம் உணரப் பல ஆண்டுகள் சென்றன.

2021இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' என வழங்கத் தொடங்கி, மாநிலமெங்கும் பழுதுற்ற 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. மறு ஆண்டு மார்ச்சில், இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் மன்னாரிலிருந்து மீண்டும் படகுகள் வந்தன. கைக்குழந்தைகளுடன் தனுஷ்கோடி மணலில் இறங்கியவர்களை அதிகாரிகள் அழைத்துச் சென்ற இடம் மண்டபம்.