வெள்ளம் வடிந்த பின் குறுக்குத்துறை

கனமழை ஓய்ந்து தாமிரபரணியில் வெள்ளம் வடிந்ததும், நெல்லைக்காரர்கள் கரையோரமாக நடந்து போய்ப் பார்க்கிற இடம் குறுக்குத்துறை முருகன் கோயில். ஆற்றுக்குள்ளேயே கட்டிய கோயில். தண்ணீர் வந்து மோதும் பக்கத்துச் சுவர் படகின் முனைபோல இருக்கும். வெள்ளம் அதில் பிளந்து இருபுறமும் ஓடிவிடும். வெள்ளம் வருமுன் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துச் செல்வார்கள். பாறையில் செதுக்கிய மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார்.

1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் கோயில் மூழ்கியது. 2023-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! இரண்டு முறையும் கோயில் அசையவில்லை. சேற்றை வாரிக் கழுவிவிட்டுப் பூஜையைத் தொடர்ந்தார்கள்.

ஆறு பெருகும் என்று தெரிந்து, அதற்கு வழிவிட்டுக் கட்டினார்கள் முன்னோர். நாம் ஓடையையும் குளத்தையும் தூர்த்து வீடு கட்டிவிட்டு, வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்கிறோம்.