பணியிடை இறையியல் கல்வி: திருநெல்வேலி உபதேசியார் மரபும் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வும்

ஆய்வுச் சுருக்கம்

பணியை விடாமல் இறையியல் பயில்வது அண்மைக்கால ஏற்பாடாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. திருநெல்வேலித் திருச்சபையில் அது 19ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. உபதேசியார் பயிற்சி, வளாகக் கல்வி, விரிவாக்கக் கல்வி, பகுதிநேர ஆய்வு ஆகியவற்றை வரிசைப்படுத்தி, களத்தில் எழும் வினா யாருடைய ஆய்வாகிறது என்ற சிக்கலை இது ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உபதேசியார், செயல்முறை இறையியல், கரிசல், சேகரம், விரிவாக்கக் கல்வி

முன்னுரை

கைலாசநாதர் கோயிலால் அறியப்படும் பசுவந்தனை, கோவில்பட்டியை அடுத்த கரிசல் நிலத்து ஊர். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் மானாவாரி நிலம் இது. விதைப்பும் அறுப்பும் தீப்பெட்டி ஆலை வேலையும் பள்ளி வேலையும் நாளைப் பங்கிட்டுக்கொள்ளும் இவ்வட்டாரத்தில், ஒருவர் வேலையை விட்டுவிட்டு மூன்றாண்டுகள் விடுதியில் தங்கிப் பயில்வது எளிதன்று. ஆதலின் பகுதிநேரக் கல்வி பற்றிய வினா இங்கு வசதி பற்றியது மட்டுமன்று. யார் கற்கலாம் என்பது பற்றியதுமாகும்.

இறைவழிபாடு, போதனை, ஆற்றுப்படுத்தல் முதலிய சமயச் செயல்களை ஆராயும் துறை செயல்முறை இறையியல். 1811இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்லையர்மாகர் இறையியலை ஒரு மரமாக உருவகித்து, மெய்யியல் பகுதியை வேராகவும் வரலாற்றுப் பகுதியை உடலாகவும் செயல்முறைப் பகுதியை முடியாகவும் அமைத்தார். இத்துறைக்குக் களமே மூலம். ஏனைய துறைகளில் ஆய்வுக்கு இடையூறாகக் கருதப்படும் பணி, இதில் ஆய்வுப் பொருளாகவே அமைகிறது.

உபதேசியார்களின் பயிற்சி

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், 1838இல் மறையும்வரை திருநெல்வேலியில் பணியாற்றினார். அவர் காலத்தில் சிற்றூர்ச் சபைகளை நடத்தியவர்கள் தமிழ் உபதேசியார்கள். அவர்கள் ஊரில் ஜெபம் நடத்தினர், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தனர், வழக்குகளில் இடைநின்றனர். குறித்த காலங்களில் மிஷனெரியிடம் கூடித் தம் பணியை எடுத்துரைத்துப் பாடம் கேட்டுத் திரும்பினர். நாட்குறிப்பு எழுதி ஒப்படைப்பதும் வழக்கமாயிருந்தது. பணி, பதிவு, கூடியாய்தல், மீண்டும் பணி என்னும் இச்சுழற்சி, இன்றைய செயல்முறை இறையியல் வலியுறுத்தும் ஆய்வுமுறையை ஒத்துள்ளது.

இம்முறையின் மற்றொரு வடிவம் வடதிருநெல்வேலியில் உருவாயிற்று. கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் ஆய்வாளராயிருந்த தாமஸ் ராக்லாந்து, 1854 முதல் ஃபென், மெடோஸ் ஆகியோருடன் கூடாரங்களில் தங்கிச் சுற்றுப்பயண ஊழியம் மேற்கொண்டார். சிவகாசி அதன் மையங்களுள் ஒன்று. 1858இல் அவர் இறந்ததும் அங்கேதான். தென்பகுதிச் சபைகள் தம் உபதேசியார்களை மாதமொரு முறை மாற்றி மாற்றி இவ்வூழியத்திற்கு அனுப்பின. பனைமரங்களும் தேரி மணலும் நிறைந்த தென்னிலத்திலிருந்து வந்தவர், வேறு பயிரும் வேறு சமூக அமைப்பும் கொண்ட கரிசல் நிலத்தில் ஒரு மாதம் உழைத்துத் தம் சேகரத்துக்குத் திரும்பினார். இதனைப் பணியிடைப் பயிற்சியாகவும் கொள்ளலாம். பசுவந்தனை இதே கரிசல் நிலத் தொடர்ச்சியில் அமைந்துள்ளது.

ஆயினும் இம்மரபை மிகைப்படுத்தலாகாது. உபதேசியார் எழுதியது அறிக்கை. அதிலிருந்து இறையியல் முடிவு காண்பவர் மிஷனெரி. ஊரையும் மொழியையும் அறிந்தவர் செய்தி தருபவராகவே நிறுத்தப்பட்டார்.

வளாகமும் விரிவாக்கமும்

ஜி. யூ. போப் 1840களில் சாயர்புரத்தில் தொடங்கிய செமினரி, தங்கிப் பயிலும் முறைக்கு வலுச் சேர்த்தது. 1818இல் நிறுவப்பட்ட செராம்பூர்க் கல்லூரி 1827இல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் பட்டமளிக்கும் உரிமை பெற்றது. 1918ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நிலைப்படுத்தியது. 1969இல் மதுரை அரசரடியில் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி, இறையியல் இளநிலைப் பட்டத்தைத் தமிழ்வழியில் கற்பித்தது. இது பெரும் முன்னேற்றம். எனினும், குடும்பமும் வேலையும் உடையவருக்கு வளாகம் தொலைவிலேயே இருந்தது.

1963இல் குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரியன் செமினரி, மாணவரை அழைப்பதற்கு மாறாக ஆசிரியரை மாணவரின் ஊருக்கு அனுப்பியது. உழவரும் வணிகரும் தம் தொழிலில் இருந்தவாறே பயின்றனர். இவ்விரிவாக்கக் கல்வி இந்தியாவிலும் பரவியது. அதற்கெனப் பெங்களூரை மையமாகக் கொண்டு 1971இல் ஒரு சங்கம் தோன்றியது. ஆனால் உபதேசியார்களைப் பாளையங்கோட்டையில் கூட்டிக் கற்பித்த திருநெல்வேலிக்கு இக்கருத்து முற்றிலும் புதியதன்று.

இல்லறத்தாரும் அலுவலரும் சமயக் கோட்பாடு பயில்வது கிறித்தவத்துக்கு மட்டும் உரியதன்று. சிவஞானபோதத்தை 1895இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜே. எம். நல்லசுவாமிப் பிள்ளை மாவட்ட முன்சீபாகப் பணியாற்றியவர். திருவாவடுதுறை ஆதீனம் பல ஊர்களில் நடத்தும் சைவ சித்தாந்தப் பயிற்சி மையங்களிலும் பணியிலிருப்போர் விடுமுறை நாள்களில் பயில்கின்றனர்.

பகுதிநேர முனைவர் பட்டமும் இன்றைய சிக்கல்களும்

பணி அனுபவத்தையே ஆய்வாக்கும் முனைவர் படிப்புகள் 1970களில் அமெரிக்க இறையியல் கல்லூரிகளில் பரவின. இந்தியப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வை அனுமதிக்கின்றன. பணியளிப்பவர் தடையின்மைச் சான்று தரவேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் உண்டு என்றும், தேவைப்படின் பாடநெறிக்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்றும் அதில் உறுதியளிக்க வேண்டும்.

இங்கு மூன்று சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, சான்று. அரசுப்பள்ளி ஆசிரியர் அதனைப் பெற வழியுண்டு. சிறு தனியார் பள்ளியில் பணியாற்றுபவர்க்கு அது பணியளிப்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது. இரண்டாவது, இடமாற்றம். சேகர குருவானவர் சில ஆண்டுகளில் வேறு சேகரத்துக்கு மாற்றப்படுகிறார். வேலையே களமாகும்போது, இடமாற்றம் ஆய்வையும் முறிக்கிறது. மூன்றாவது, மொழி. இறையியல் உயராய்வு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்கிறது. சாவு வீட்டில் தமிழில் கேட்கப்பட்ட வினா ஆங்கில ஆய்வேடாக முடிந்தால், அதைக் கேட்டவர் அதனைப் படித்து மறுக்கும் வாய்ப்பை இழக்கிறார். உபதேசியாரின் அறிக்கைக்கு நேர்ந்ததே மற்றொரு வடிவில் மீண்டும் நேர்கிறது.

முடிவுரை

பகுதிநேரக் கல்வியை முழுநேரக் கல்வியின் குறைந்த வடிவமாகக் கருதுவதற்கு வரலாறு இடந்தரவில்லை. செயல்முறை இறையியலில் பணியிடைக் கல்வி தனக்கெனத் தகுதியுடையது. ஆனால் நேரத்தைத் தளர்த்துவதோடு சீர்திருத்தம் நின்றுவிடலாகாது. ஆய்வேட்டைத் தமிழில் எழுதும் உரிமை, ஆய்வுக்காலம் முடியும்வரை இடமாற்றத்தில் விலக்கு, களமக்கள் முன் முடிவுகளை வைத்து விவாதிக்கும் நடைமுறை ஆகியன வேண்டும். ரேனியஸ் காலத்து உபதேசியார் தம் வினாவைப் பாளையங்கோட்டையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார். இன்றைய பணியிடை ஆய்வாளர் தம் வினாவுக்குத் தாமே ஆசிரியராகும்போதுதான் பகுதிநேர முனைவர் பட்டம் அம்மரபைக் கடந்ததாகும்.