இடைக்காலக் குழுவும் பொது அறிவிப்பும்: கலிபோர்னியாச் சட்டமன்ற வரலாற்றில் ஒரு கூறு

சட்டமன்றம் தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையுடையது என்பது பொதுக் கொள்கை. அவ்வுரிமைக்கு எல்லை யாது என்னும் வினாவிற்கு அமெரிக்கக் கலிபோர்னியா மாநில வரலாறு விடை தருகின்றது.

முற்காலத்தே அங்கு ஈராண்டிற்கு ஒருமுறையே பொதுக் கூட்டத்தொடர் நிகழ்ந்தது. ஆதலின், இடைநாளில் ஆய்வு நிகழ்த்தக் குழுக்கள் வேண்டப்பட்டன. ஆயினும், ஓர் அவை தனித்து இயற்றும் தீர்மானத்தால் அமைந்த குழு, தொடர் முடிவுற்ற பின்னர் இயங்குதல் செல்லாது என 1939-இல் அம்மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1940-இல் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பைத் திருத்தவே, அத்தகு குழுக்கள் உரிமை பெற்றன.

பிற்காலத்தே எழுந்த குறை வேறு. தொடரின் இறுதி நாள்களில் திருத்தங்கள் புகுத்தப்பெற்று, மக்கள் அறியுமுன்னரே சட்ட வரைவுகள் நிறைவேறின. ஆகவே, வரைவின் இறுதி வடிவம் அச்சிலும் இணையத்திலும் 72 மணி நேரம் வெளிப்பட்டிருந்தாலன்றி அதனை நிறைவேற்றலாகாது என 2016-இல் மக்கள் வாக்கு வரையறுத்தது. ஆளுநர் அறிவிக்கும் நெருக்கடிநிலைக்கு விலக்குண்டு.

முன்னைய திருத்தம் மன்றத்தின் ஆற்றலை விரித்தது. பின்னையது அதன் விரைவைத் தடுத்தது. நோக்கம் மாறுபடினும் நெறி ஒன்றே. இரண்டும் மன்ற விதியாக அமையாது அரசியலமைப்பில் இடம்பெற்றமையின், மக்களை வினவாது மன்றம் அவற்றை மாற்றவியலாதாயிற்று. விதியின் எல்லை ஈண்டே புலனாகின்றது.