ஈய எழுத்தும் வெள்ளிக் கணக்கும்

பேத்திக்குச் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொடர்புத்துறை படிக்க ஆசை. கோமள விலாஸில் காப்பி வந்ததும், பட்டதாரி வேலைவாய்ப்புக் கருத்தாய்வைக் கைப்பேசியில் எடுத்து டபராவுக்குப் பக்கத்தில் வைத்தாள். எந்தப் பட்டத்துக்கு எத்தனை வெள்ளி என்று வரிசையாகப் போட்டிருந்தது.

"கணினி படிச்சவங்க மேல நிக்கிறாங்க தாத்தா. மாஸ் காம் கீழ கிடக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் என்ன சொல்ல? நான் கம்போசிட்டர்; ஈய எழுத்துகளை அடுக்கி அச்சுக் கோத்தவன். 17 வயதில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தவன். தமிழ் எழுத்துப் பெட்டியில் அறைகள் அதிகம். பழைய எழுத்தில் தும்பிக்கை வைத்த 'னை'க்குத் தனி அச்சு, சுழித்த 'றா'வுக்குத் தனி அச்சு. இடக்கையில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்க வேண்டும். அடுக்கியதைத் தலைகீழாகப் படிக்கவும் தெரிய வேண்டும். ஓர் ஒற்று விடுபட்டால் மேஸ்திரி நடுமண்டையில் குட்டுவார். சாயங்காலம் நகக்கண்ணெல்லாம் கறுத்திருக்கும். இரண்டு தடவை சோப்புப் போடாமல் அம்மா சோற்றைத் தொட விடமாட்டார். முதல் மாதச் சம்பளம் மளிகைக் கடனுக்குச் சரியாகப் போனது.

எங்கள் தொழிலில் பட்டம் பற்றி அப்போது யாரும் பேசியதில்லை. 1887இல் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழை நடத்தினார். 1890இல் அது நின்றுபோனது. திருவாரூரில் பிறந்த கோ. சாரங்கபாணி 1924இல் இங்கே கணக்கு எழுத வந்தவர். தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் ஏடாக 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசை'ப் பிறகு தம் தோளில் தூக்கிக்கொண்டார். எந்த இதழியல் பள்ளியிலும் அவர் படித்ததில்லை. ஆனால் 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டுப் போராடி, 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியது அவர்தான். ஆளுக்கு ஒரு வெள்ளி. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பாவும் கொடுத்தாராம். பல்கலைக்கழகத்தின் உள்பக்கத்தைச் சாகும்வரை பார்க்காதவர் அவர்.

பெருமையை மட்டும் சொன்னால் பேத்தி நம்பமாட்டாள். 1963இல் முரசின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; ஏறக்குறைய ஓராண்டு பத்திரிகையே வரவில்லை. அச்சுக் கோத்தவன் நான். யார் பக்கம் என்று கேட்கவே வேண்டாம். இருந்தாலும், கைக்கடக்கமான ஒரு வாசகர் கூட்டத்தை நம்பி ஓடிய பத்திரிகையின் கல்லாப்பெட்டியில் எவ்வளவு இருந்திருக்கும் என்று இந்த வயதில் நினைத்துப் பார்க்கிறேன். 1995இல் சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் முரசை வாங்கிக்கொண்டது. அந்த நிறுவனமே 2021இல் தன் பத்திரிகைகளைத் தனியாகப் பிரித்துவிட, அவற்றுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 180 மில்லியன் வெள்ளிவரை தருவதாக மறு ஆண்டே அரசாங்கம் அறிவித்தது. செய்தி விற்ற காசில் செய்தி எழுதுகிறவருக்குச் சம்பளம் போடுவது எந்தக் காலத்திலும் பெரும்பாடுதான்.

அவள் படிக்க நினைக்கும் பள்ளிக்கு வீ கிம் வீ பெயர். அவர் கதையைத்தான் அவளிடம் விரிவாகச் சொன்னேன். படிப்பைப் பாதியில் விட்டு, 1930இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் விநியோகப் பிரிவுக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். பிறகு செய்தியாளர். 1966இல் ஜகார்த்தா போய் சுகார்த்தோவைப் பேட்டி எடுத்து, இந்தோனேசியாவுடனான மோதல் முடியப்போகிறது என்ற செய்தியோடு திரும்பியவர். தூதர் ஆனார், 1985இல் அதிபர் ஆனார். 1992இல் தொடங்கிய தொடர்புத்துறைப் பள்ளிக்கு 2006இல் அவர் பெயரை வைத்தார்கள். படித்துப் பட்டம் வாங்காதவர் பெயரில் பட்டம் கொடுக்கிறார்கள்!

எஸ். ராஜரத்தினமும் அப்படித்தான். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போய், போர் குறுக்கிட்டுப் பட்டம் இல்லாமலே திரும்பிப் பத்திரிகையில் சேர்ந்தார். 1959இல் கலாசார அமைச்சர், 1965இல் வெளியுறவு அமைச்சர்.

"அப்போ பட்டமே வேணாம்கிறீங்களா?"

இல்லை. அந்த இருவரும் பெரிய இடத்துக்குப் போனது பத்திரிகையை விட்டு இறங்கிய பிறகு. எழுதக் கற்றதும், ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்கக் கற்றதும் மட்டும் அங்கே. அன்று கற்றுக்கொடுக்கும் செலவு அச்சகத்தையும் பத்திரிகையையும் சேர்ந்தது. குட்டு வாங்கினாலும் மாதக் கடைசியில் என் கையில் காசு இருந்தது. இன்று அந்தச் செலவு குடும்பத்தின் தலையில். நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் 1989இலேயே இந்தப் படிப்பு வந்துவிட்டது; அந்த வாசலும் இருக்கிறது என்றேன். அவள் காட்டிய கருத்தாய்வு, கடைசித் தேர்வு முடிந்து ஆறு மாதம் கழித்து எடுப்பது. ஆறாவது மாதத்தில் என்னை எடைபோட்டிருந்தால் எழுத்துப் பெட்டியின் பாதி அறைகள்கூட எனக்குப் பழகியிருக்காது. ஆனால் முதல் சம்பளத்தை நம்பிக் கல்விக்கடன் எடுப்பவர்களுக்கு அந்த ஆறாவது மாதம் பெரிய மாதம். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

பணப்பையை நான் தேடுவதற்குள் அவள் கைப்பேசியை நீட்டிக் காசு கட்டிவிட்டாள். தேக்காவில் ஒரு கடையின் தீபாவளித் துண்டறிக்கையைத் திருத்திக் கொடுத்துச் சம்பாதித்ததாம்.

"பிழை எவ்வளவு இருந்துச்சு?"

"ஏழு ஒற்று விட்டிருந்தாங்க தாத்தா."

எட்டாவதாக ஒன்று இருந்திருக்கும். துண்டறிக்கையைக் காட்டச் சொன்னேன்.